வெற்றிச்செல்விக்குப் புரியாத இங்கிலீஷ்

அரியலூர் கடைவீதியில் ஓர் உரக்கடையின் மாடியில் வெற்றிச்செல்வி இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுத்து வந்தாள். 'வெற்றி ஸ்போக்கன் இங்கிலீஷ்' என்று வாசலில் போர்டு. படியேறும்போதே உரநெடி மூக்கைப் பிடிக்கும். அங்கே படித்தவனுக்கு இங்கிலீஷ் வந்ததோ இல்லையோ, சட்டையில் யூரியா வாசம் வந்துவிடும் என்று கடைவீதியில் கிண்டல் செய்வார்கள். அவள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்கிறவள் இல்லை. சிமெண்ட் ஆலைகளில் வேலை தேடும் பையன்கள், நர்சிங் படிக்கும் பெண்கள், சிங்கப்பூர் போகத் துடிக்கும் எலெக்ட்ரீசியன்கள் என்று பெஞ்சு நிறைந்துதான் இருந்தது.

அவளுடைய அப்பா பெயர் பாவாடை. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல்லுடைத்தவர். அவருக்கு முந்தியவர்கள் எல்லோரும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் இருந்து ஒரு பெண் திருச்சிக்குப் போய் ஹாஸ்டலில் தங்கி இங்கிலீஷில் எம்.ஏ. முடித்தது சின்ன விஷயம் இல்லை. ஆனால் திருச்சியில் அவளுக்கு இங்கிலீஷ் தந்த தொல்லையைவிடத் தமிழ் தந்த தொல்லைதான் அதிகம். ஹாஸ்டலுக்குப் போன அன்றே, "எங்க வூட்ல ரெண்டு மாடு நிக்கிது" என்று சொல்லிவிட்டாள். டவுன் பெண்கள் கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தார்கள். பிறகு அவள் பெயரே 'வூடு' ஆகிப்போனது. "வூடு, சாப்பிட வரியா?" என்பார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, விளையாட்டுதான். இருந்தாலும் அவள் அன்றைக்கே நாக்குக்கு இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டாள். 'வூடு' வீடானது, 'குடு' கொடுவானது. படித்து முடித்து ஊர் திரும்பியபோது வானொலியில் செய்தி வாசிக்கிறவர்போலப் பேசினாள். அம்மா ஆண்டாயிக்கு மகள் பேச்சைக் கேட்டால் யாரோ ஆபீசர் வீட்டுப் பெண் வந்து நிற்கிற மாதிரி கூச்சமாக இருந்தது.

வகுப்பிலும் அதே கண்டிப்புதான். தமிழையே சுத்தமாகச் சொல்லாதவன் வாயில் இங்கிலீஷ் எப்படி நிற்கும் என்பது அவள் கட்சி. அவளிடம் ஒரு டேப் ரெக்கார்டரும் சில கேசட்டுகளும் இருந்தன. லண்டனில் பதிவு செய்தவை. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மாறி மாறி மழையைப் பற்றிப் பேசுவார்கள். தபாலாபீசுக்கு வழி கேட்பார்கள். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு சொல்லையும் தட்டில் வைத்து நீட்டுவதுபோல. வெற்றிச்செல்விக்கு அந்தக் கேசட் மூச்சு விடும் இடம்வரை மனப்பாடம். அதுதான் இங்கிலீஷ், அப்படித்தான் வெள்ளைக்காரர்கள் பேசுவார்கள் என்று பெஞ்சில் இருந்தவர்களும் நம்பினார்கள், அவளும் நம்பினாள்.

1999இல் ஆலத்தியூர் பக்கத்து ஆலை ஒன்றில் புதிதாக ஒரு சூளை கட்டிக்கொண்டிருந்தார்கள். சூளை என்றால் செங்கல் சூளை மாதிரி இல்லை. பனைமரங்களை வரிசையாகப் படுக்கவைத்த நீளத்துக்கு ஒரு பெரிய இரும்புக் குழாய். சாய்வாகப் படுத்து மெல்லச் சுழலும். சுண்ணாம்புக்கல் அதற்குள்தான் வேகும். அந்தக் குழாய் உட்கார்ந்து சுழலும் உருளைகளை இம்மி பிசகாமல் நிறுத்திக்கொடுக்க வெளிநாட்டில் இருந்து ஒருவர் வந்திருந்தார். பெயர் ஆர்ச்சி. கூலியாட்கள் அவரை 'ஆச்சி துரை' ஆக்கிவிட்டார்கள். குள்ளமான உருவம், வெயிலில் வேகவைத்த நண்டுபோலச் சிவந்த முகம், எப்போதும் கையில் ஒரு ஸ்பானர்.

ஆர்ச்சி வந்த வாரத்திலேயே ஒரு கூத்து நடந்தது. கிரேனில் ஓர் உருளை தொங்கிக்கொண்டிருக்க, தங்கராசு மேஸ்திரியின் ஆட்கள் கயிற்றைப் பிடித்து அதை வழிநடத்தினார்கள். உருளை சரியான இடத்துக்கு வந்ததும் ஆர்ச்சி கையைத் தூக்கி ஏதோ கத்தினார். ஆட்கள் காதில் அது 'ஆட்டு' என்று விழுந்தது. சரி, துரைக்கு ஏதோ கணக்கு இருக்கும் என்று கயிற்றை ஆட்டினார்கள். அவர் இன்னும் பலமாக அதையே கத்தினார். இவர்களும் இன்னும் பலமாக ஆட்டினார்கள். அவர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்துக் கத்த, இவர்கள் உயிரைக் கொடுத்து ஆட்ட, கோயில் மணிபோல ஆடிய உருளை பக்கத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டியை நசுக்கி, நின்றவர்களையெல்லாம் குளிப்பாட்டிவிட்டு நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. ஆலை இன்ஜினியர்களைக் கேட்டால் அவர்களுக்கும் அவர் பேச்சு பாதி புரியவில்லை. எஸ் எஸ் என்று தலையாட்டி ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள்.

பர்சனல் ஆபீசர் வீரமணி மறுநாளே உரக்கடை மாடிக்கு ஜீப்பில் வந்தார். துரை பேசுவதை ஆட்களுக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், வேலை முடியும்வரை பகலில் வந்தால் போதும் என்றார். அவர் எந்த நாட்டுக்காரர் என்று வெற்றிச்செல்வி கேட்டாள். இங்கிலாந்துதான், அதுக்குப் பக்கம் ஏதோ என்றார் வீரமணி.

"இங்கிலீஷே பிறந்த இடத்து ஆளா, அப்ப கஷ்டமே இல்லை சார்," என்றாள் அவள்.

வகுப்பை மாலைக்கு மாற்றிவிட்டு, கஞ்சி போட்ட காட்டன் சேலையில் ஜீப் ஏறினாள். பையன்கள் மாடியில் இருந்து கையசைத்தார்கள். செந்துறை தாண்டும்வரை கேசட் வாக்கியங்களை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். வானிலை நன்றாக இருக்கிறது, பயணம் சுகமா, எல்லாம் தயாராக இருந்தது.

ஆர்ச்சி கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்து ஒரு வாக்கியம் சொன்னார். வெற்றிச்செல்விக்கு அதில் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. பாறையில் உருண்டு வருகிற சரளைக்கல்போல இருந்தது. பார்டன் என்றாள். அவர் சிரித்துக்கொண்டு இன்னொன்று சொன்னார். அதில் கடைசிச் சொல் மட்டும் துல்லியமாகக் காதில் விழுந்தது: ஹென். கோழி.

அவளுக்குச் சுருக்கென்றது. எம்.ஏ. படித்த பெண்ணை, பார்த்த முதல் நிமிஷத்தில் கோழி என்கிறானே. கூட்டத்தில் நின்ற ஓர் இளம் இன்ஜினியருக்கும் அந்தச் சொல் கேட்டிருக்க வேண்டும்; வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினான். சாயங்காலத்துக்குள் 'கோழி டீச்சர்' என்ற பெயர் ஆலை முழுக்கப் பரவிவிட்டது. திருச்சியில் வூடு, ஆலத்தியூரில் கோழி. தனக்கென்று எங்கே போனாலும் ஒரு பெயர் காத்திருக்கிறது என்று அவள் நொந்துகொண்டாள்.

ஆனால் வேலை என்று வந்த பிறகு புரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஊரே இங்கிலீஷ் டீச்சர் என்று கொண்டாடுகிறபோது எப்படிச் சொல்வது? அவர் பேசுவார், இவள் அவர் முகத்தையும் கையையும் பார்த்து ஏதோ ஊகித்து ஆட்களிடம் சொல்வாள். அதையும் செய்தித் தமிழில் சொல்வாள். "சற்று இடப்புறமாக நகர்த்துங்கள்" என்றதும் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். துரை சொன்னதும் புரியவில்லை, டீச்சர் சொன்னதும் புரியவில்லை. போதாக்குறைக்கு ஆர்ச்சி எதைக் கேட்டாலும் 'ஐ' என்றார். மிட்டாயைப் பார்த்த குழந்தை மாதிரி எதற்கு இந்த ஆள் ஐ ஐ என்று குதூகலிக்கிறார் என்று ஆட்களுக்கு ஒரே சந்தேகம்.

இரண்டாம் நாள் மத்தியானம் தங்கராசு மேஸ்திரி வெற்றிலையை மடித்தபடி அவள் பக்கத்தில் வந்து நின்றார். நாலு பேர் காதில் விழாமல் மெதுவாகத்தான் கேட்டார்.

"டீச்சர், நீங்க மேல தூக்கச் சொல்றீங்க. அவரு கையி கீழயில்ல காட்டுது?"

வெற்றிச்செல்வி சுற்றிலும் யாராவது கேட்கிறார்களா என்று பார்த்தாள். பிறகு, "எனக்கு ஒரு எழவும் புரியலண்ணே," என்று சொல்லிவிட்டாள். கஞ்சி போட்ட தமிழ் அந்த நிமிஷத்தில் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. மேஸ்திரி விழுந்து விழுந்து சிரிக்கவில்லை. வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு, தனக்குக் கேரளாக்காரன் பேசுகிற தமிழே புரியாது, இதில் என்ன இருக்கிறது, நாளைக்குப் பார்த்துக்கலாம் என்றார்.

நாளைக்கு வரக்கூடாது என்றுதான் அவள் முடிவு செய்திருந்தாள். சொல்லிவிட்டுப் போகலாம் என்று ஆபீஸ் அறைக்குப் போனபோது ஆர்ச்சி உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தார். வெற்றிச்செல்வி கதவோரத்திலேயே நின்றுவிட்டாள். அவளுக்குக் காதை நம்ப முடியவில்லை. உருளைகள் வந்து சேர்ந்தன, மழை இல்லை, வேலை திட்டப்படி நடக்கிறது என்று ஒவ்வொரு சொல்லாக, கேசட்டில் இருக்கிற ஆளே உள்ளே உட்கார்ந்திருக்கிற மாதிரி, அத்தனை தெளிவான இங்கிலீஷ்.

அவர் போனை வைத்ததும் அவள் உள்ளே போய்க் கேட்டேவிட்டாள். இப்படிப் பேசத் தெரிந்துகொண்டுதானா இரண்டு நாளாக என்னைச் சந்தி சிரிக்க வைத்தீர்கள்? கோபத்தில் அவள் இங்கிலீஷ் நாலுகால் பாய்ச்சலில் ஓடியது. ஆர்ச்சி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, தலையைச் சொறிந்தார். பிறகு அந்தப் போன் இங்கிலீஷிலேயே, நிறுத்தி நிதானமாக ஒரு விஷயத்தைச் சொன்னார். அவள் பேசுவதும் அவருக்கு இதுவரை ஒன்றும் புரியவில்லையாம். ரொம்ப வேகமாம், நாக்கை மடித்து மடித்துப் பேசுகிறாளாம். கெட்டிக்காரப் பெண்ணைப் போய் எப்படித் திரும்பத் திரும்பக் கேட்பது என்று அவரும் ஐ ஐ என்று தலையாட்டிக்கொண்டிருந்தாராம்.

அப்படியானால் அந்த 'ஐ'? இந்தத் தடவை அவளும் நிதானமாகக் கேட்டாள்.

ஐ என்றால் ஆமாம் என்று அர்த்தம் என்றார் ஆர்ச்சி.

இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் இரண்டு நாளாகப் புரியாமல் தலையாட்டியிருக்கிறார்கள். வெற்றிச்செல்விக்குக் கோபம் மிச்சம் இருந்தது. ஆனால் சிரிப்பு முந்திக்கொண்டது. சிரித்து முடித்து, கோழி விஷயத்தையும் கேட்டாள். அவர் முகம் இன்னும் சிவந்துபோயிற்று. இங்கிலாந்துக்கு வடக்கே இருக்கும் அவர் ஊரில் பெண்பிள்ளைகளைப் பிரியமாக அப்படித்தான் கூப்பிடுவார்களாம். பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பவர்கூட அப்படிச் சொல்லித்தான் சில்லறை கேட்பாராம். அவள் யோசித்தாள். அரியலூர் பஸ்ஸில் கண்டக்டர் 'தாயி, உள்ள தள்ளி நில்லு' என்கிறார். கண்டக்டரைப் பெற்றவளா அவள்? கோழியும் அப்படித்தான் போலிருக்கிறது.

போனில் பேசுகிற மாதிரியே வேலையிலும் பேசினால் என்ன என்று அவள் கேட்டதற்கு, அவர் தாடையைத் தேய்த்துக் காட்டினார். அப்படிப் பேசினால் தாடை வலிக்குமாம். அது ஆபீசுக்கான பேச்சாம். ஸ்பானரைக் கையில் எடுத்தால் அது மறந்துவிடுமாம். சொல்லிக்கொண்டே அவர் மணிபர்சில் இருந்து ஒரு போட்டோவை எடுத்தார். மழையில் நனைந்த தெரு, கருங்கல்லில் கட்டிய ஒரு சின்ன வீடு, வாசலில் ஒரு பெண். அதைத் தொட்டுக் காட்டி அவர் பழைய குரலுக்குத் திரும்பினார்.

"மா ஹூஸ்," என்றார்.

வெற்றிச்செல்வி போட்டோவைப் பார்த்தாள். ஹூஸ். ஹவுஸ். அந்த ஆள் தன் வீட்டை வீடு என்று சொல்லவில்லை. வூடு என்கிறான்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டவுனை எப்படிச் சொல்வீர்கள்? டூன். மவுஸ்? மூஸ். மாட்டுக்கு? கூ. அவள் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க அவர் சொல்லிக்கொண்டே வந்தார். சரளைக்கல்லாக உருண்டு வந்ததெல்லாம் தனித்தனிச் சொல்லாக உடைந்து விழுந்தது. ஹோல்ட் இட் என்று சொல்லுங்கள் என்றாள். அவர் சொன்னது 'ஹாடிட்' என்று வந்தது. ஓகோ, நிறுத்திப் பிடி என்பதைத்தான் ஆட்கள் 'ஆட்டு' என்று கேட்டிருக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டி நசுங்கிய கதை அப்போதுதான் அவளுக்கு முழுசாக விளங்கியது. அவள் அதை விளக்கிச் சொன்னதும் ஆர்ச்சி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

வேலையை விடுகிறேன் என்று சொல்ல வந்தவள், நாளைக்குக் காலையில் ஜீப்பைக் கொஞ்சம் முன்னாடியே அனுப்பச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அதன் பிறகும் எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. பாதி நாள் அவள் கேள்வி கேட்டபடியேதான் இருந்தாள். புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள், இன்னொரு தடவை. இந்த மூன்றையும் கூச்சமே படாமல் சொன்னாள். அவரும் அவளை அப்படியே கேட்டார். ஆட்களிடம் சொல்லும்போது செய்தித் தமிழை மூட்டை கட்டி வைத்தாள். "லேசா இந்தாண்ட நவுத்துங்கண்ணே, போதும், அப்புடியே புடிங்க" என்று அவள் குரல் கொடுத்தால் கிரேனும் கயிறும் சேர்ந்து அசைந்தன. பத்து வருஷமாக மடித்து வைத்த பேச்சு, எடுத்து உதறியதும் அப்படியே பொருந்தியது.

ஆட்களும் சும்மா இருக்கவில்லை. ஆர்ச்சி சின்னதை எல்லாம் 'வீ' என்பார். அதைப் பிடித்துக்கொண்டார்கள். "ஒரு வீ தள்ளுப்பா" என்றால் நூலளவு தள்ளுவது; "ரெண்டு வீ" என்றால் அதற்கு மேல் கொஞ்சம். நிறுத்த வேண்டும் என்றால் 'ஆட்டு'. அந்தத் தளத்தில் ஆட்டு என்றால் எல்லோரும் சிலையாக நின்றார்கள். இதில் ஒரு சங்கடம் வந்தது. ஒருநாள் சல்லடையில் மணல் அடைத்துக்கொண்டதைப் பார்த்துத் தங்கராசு மேஸ்திரி பழக்கத்தில், ஆட்டு, நல்லா ஆட்டு என்று கத்த, சல்லடை பிடித்தவர்கள் அசையாமல் நின்றார்கள். அவர் மேலும் கத்த, அவர்கள் மூச்சையும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெற்றிச்செல்விதான் போய், இது நம்மூர் ஆட்டு என்று மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. தமிழில் இருந்து தமிழுக்கு மொழிபெயர்த்த ஒரே ஆள் நான்தான் என்று அவள் பின்னாளில் சொல்லிச் சிரிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆர்ச்சியைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். பாவாடை புது வேட்டி கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். கோழிக் குழம்பு வைத்திருந்தார்கள். கோழி என்றதும் வெற்றிச்செல்வியும் ஆர்ச்சியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதன் காரணம் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவள் தயிர் வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பியபோது, உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. ஆண்டாயி மாட்டைக் காட்டித் தமிழில் பேசிக்கொண்டிருந்தாள். அது போன வருஷம் மடி வீங்கிப் படுத்துக்கொண்டதை, மருந்து கொடுத்து எழுப்பியதை, எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னாள். ஆர்ச்சி தன் பேச்சில் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அப்பாவும் மாடு வைத்திருந்தவராம். நடுநடுவே 'கூ' என்பார். ஆண்டாயி ஆமாம் என்பாள். அவள் ஆமாம் என்றால் அவர் ஐ என்பார். பார்த்தால் ரொம்ப நாள் பழகிய பங்காளிகள் மாதிரி இருந்தது.

மகள் வந்ததும் ஆண்டாயி சொன்னாள்: "நல்லாப் பேசுறாருடி. நீதான் புரியல புரியலன்னு என்னமோ சொன்ன."

"உனக்கு என்னம்மா புரிஞ்சுது?"

"அவுக வூட்லயும் மாடு இருந்துச்சாம். செத்துப்போச்சாம். அதுக்கு மேல என்னத்தப் புரியணும்?"

வெற்றிச்செல்வி ஆர்ச்சியிடம் கேட்டுப் பார்த்தாள். மாடு இருந்தது சரி. ஆனால் அது சாகவில்லையாம். மாட்டுக் கண்காட்சியில் பரிசு வாங்கியதாம். அதை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. ஆண்டாயி அந்தச் செத்த மாட்டுக்காக இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆர்ச்சியும் மறுக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தை பிறந்து கொஞ்ச நாளில் சூளை பற்றவைத்தார்கள். தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டினார்கள். அந்தப் பெரிய குழாய் முனகிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றியபோது உருளைகள் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்ட ஆர்ச்சி, நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி "நல்லாக் கீது" என்றார். அது மெட்ராஸ் லாரி டிரைவர் யாரிடமோ பொறுக்கிய சொல். அரியலூர் ஆட்கள் இவ்வளவு நாள் உழைத்துச் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் விட்டுவிட்டு மெட்ராஸ் பேச்சைப் பேசிவிட்டாரே என்று மேஸ்திரிக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மறுவாரம் காலை ரயிலில் ஆர்ச்சி மெட்ராஸ் போய் விமானம் ஏற வேண்டும். அரியலூர் ஸ்டேஷனுக்கு மேஸ்திரி ஒரு சீப்பு பூவன்பழத்தோடு வந்திருந்தார். வெற்றிச்செல்வி கஞ்சி போட்ட அதே சேலையில் வந்தாள். ரயில் வந்ததும் அவர் ஏறி, ஜன்னல் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து, அவளைப் பார்த்து ஏதோ நீளமாகச் சொன்னார். எஞ்சின் சத்தம், காபி விற்கிறவன் சத்தம், அதற்கு மேல் அவர் ஊர்ப் பேச்சு, முதல் நாளைவிடக் கெட்டியாக. அவளுக்கு ஒரு சொல்கூட விளங்கவில்லை. திரும்பச் சொல்லச் சொல்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அவள் ஐ ஐ என்று தலையை ஆட்டினாள்.

அவர் என்ன சொன்னார் டீச்சர் என்று மேஸ்திரி கேட்டார். நல்லபடியா இருங்கன்னு சொன்னாரு என்று வெற்றிச்செல்வி சொன்னாள். வேலைக்கு வந்த இத்தனை மாதத்தில் அவள் ஊகித்துச் சொன்ன கடைசி மொழிபெயர்ப்பு அது. ஏறக்குறைய சரியாகத்தான் இருக்கும்.

உரக்கடை மாடியில் அதன் பிறகு கேசட் ஓடுவது குறைந்தது. அதை அவள் தூக்கிப் போடவில்லை. தபாலாபீசுக்கு வழி கேட்கவும் ஆள் வேண்டுமே. ஆனால் ரயில்வேயில் வேலை பார்த்த ஒரு ஆந்திராக்காரரை, ஆலைக்கு வந்த ஒரு வங்காளியை, கோட்டயத்து நர்ஸ் ஒருத்தியை எல்லாம் டீ வாங்கிக்கொடுத்து மாடிக்கு அழைத்து வருவாள். ஆளுக்கு அரை மணி நேரம் அவரவர் இங்கிலீஷில் பேச வேண்டும். பையன்கள் கேட்க வேண்டும். புரியாவிட்டால் புரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தலையாட்டினால் பெஞ்சு மேல் நிற்க வேண்டும். ஆரம்பத்தில் எல்லோரும் பெஞ்சு மேல்தான் நின்றார்கள்.

இதற்குள் அரியலூர் தனி மாவட்டம் ஆனது, பிறகு பெரம்பலூரோடே திரும்பச் சேர்ந்தது, மறுபடி பிரியப் போகிறது என்றார்கள். வெற்றிச்செல்வி போர்டில் மாவட்டப் பெயரை எழுதுவதையே விட்டுவிட்டாள். பெயின்டருக்குக் கொடுத்துக் கட்டுபடியாகவில்லை.

2006இல் மீன்சுருட்டியில் இருந்து வந்து படித்த மலர்கொடி என்ற பெண்ணுக்குச் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அமெரிக்காக்காரர்களிடம் பேசுகிற வேலை. வகுப்பில் கடைசிவரை பெஞ்சு மேல் நின்றவள் அவள்தான். தலையாட்டுகிற பழக்கம் அவ்வளவு லேசில் போகவில்லை. பொங்கல் லீவில் ஊருக்கு வந்தபோது பூவும் பழமும் வாங்கிக்கொண்டு டீச்சரைப் பார்க்க வந்தாள். முகம் வாடியிருந்தது. அமெரிக்காக்காரன் பேச்சு புரியவில்லையா என்று வெற்றிச்செல்வி கேட்டாள்.

"அதெல்லாம் நல்லாப் புரியுது டீச்சர். டெக்சாஸ்காரன் பேசுறதுகூடப் புரியுது. எங்க டீம் லீடருதான் நாகர்கோவில்காரரு. அவரு தமிழ்ல திட்டுனா என்ன திட்டுறாருன்னே தெரிய மாட்டேங்குது."

என்ன திட்டுகிறார் என்று தெரியாமல் எதற்கு வருத்தம் என்று வெற்றிச்செல்வி கேட்டாள். அவர் பாராட்டினாலும் அப்படியேதான் இருக்கிறது, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நிற்க வேண்டியிருக்கிறது என்றாள் மலர்கொடி.

வெற்றிச்செல்விக்கும் நாகர்கோவில் பேச்சு தெரியாது. ஆனால் பஸ் ஸ்டாண்டு எதிரே புதிதாக ஒரு பேக்கரி வந்திருந்தது. முதலாளி நாகர்கோவிலை அடுத்த மார்த்தாண்டம் பக்கத்து ஆள். கல்லாவில் உட்கார்ந்து நாள் முழுக்க வேலையாட்களைத் திட்டிக்கொண்டே இருப்பார் என்று கேள்வி. அவள் டேப் ரெக்கார்டரின் வயரைப் பிடுங்கிவிட்டு, கதவைப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டாள்.

"வா, டீ குடிப்போம். ரெண்டு பன்னும் வாங்கிக்கலாம். அவசரமில்லாம உக்காந்து கேப்போம்," என்று சொல்லிவிட்டு முன்னால் படியிறங்கினாள்.